கவுனின் நிறம்

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தம் போகும் படகில், எஞ்சின் அதிர்வில் கோடு தாண்டி வழிகிற நிறத்தைச் சுகுணா டேப்லெட்டில் மறுபடி மறுபடி அழிக்கிறாள். அவள் வரையும் அனிமேஷன் படத்தில் கட்சால் தீவின் கரையில் ஒரு சிறுமி ஓடுகிறாள். சுகுணா பிறக்கும் முன்பே சுனாமி கொண்டுபோன அக்கா. போட்டோ ஒன்றுகூட மிஞ்சவில்லை. கவுன் மஞ்சள் என்று நேற்றுச் சொன்ன அம்மா, காலையில் பச்சை என்றாள். பாதிப் படங்களில்தான் சுகுணா மாற்றியிருக்கிறாள். ஓட்டிப் பார்த்தால் கவுன் மஞ்சளும் பச்சையுமாகத் துடிக்கிறது. கடலுக்கு இன்னும் நிறமே தீட்டவில்லை. திரையில் வெயில் அடிக்காமல் அம்மா ஒச்சம்மா முந்தானையை விரித்துப் பிடித்திருக்கிறாள். “கடைசியா கேக்குறேன், எந்தக் கலரும்மா?” ஒச்சம்மா கவுனைப் பார்க்கவே இல்லை. “புள்ளைய ஏன்டி கடல் பக்கமா ஓட விடுற? திருப்பு.” சுகுணா சிறுமியை மட்டும் தொட்டு, திருப்புகிறாள். இப்போது அவள் கரையை ஒட்டிய ரப்பர் தோட்டத்தைப் பார்த்து ஓடுகிறாள். அலை முதுகுக்குப் பின்னால் எழும்புகிறது. படகு கரையில் இடிக்கிறது, ஆட்கள் முண்டியடித்து இறங்குகிறார்கள். ஒச்சம்மா எழுந்திருப்பதாக இல்லை. முந்தானையை இன்னும் தாழ்த்தித் திரையோடு அணைத்துக்கொண்டு, “ஜல்தி ஓடச் சொல்லுடி” என்கிறாள்.