செய்முறைத் தேர்வு

குடிகாரர் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து கதவைத் தட்டினார். பேராசிரியை ஹேன்லனுக்கே ஆச்சரியம். போன வருடத்துக் குடிகாரன் அரை மணி நேரம் தாமதமாக வந்து, பீட்சா தின்றுகொண்டே அழுதான்.

போதை மீட்பு ஆலோசனைப் படிப்பில் இதுதான் கடைசித் தேர்வு. கல்லூரியின் நாடகத் துறையிலிருந்து ஒருவர் குடிகாரராக நடிக்க வருவார். மாணவர் ஆலோசகராக இருந்து அவரோடு பேச வேண்டும். வருகிறவர் வழி தெரியாமல் அலையக் கூடாதென்று, 'போதை ஆலோசனை, உள்ளே வரலாம்' என்று ஹேன்லன் கதவில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்.

அன்றைக்கு லொரெட்டாவின் முறை. க்ரான்ஸ்டன் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டே படிப்பவள் அவள். இதே தேர்வில் ஏற்கெனவே ஒருமுறை தோற்றிருக்கிறாள். அப்போது வந்தவனை வாயே திறக்க விடாமல் கடைசிவரை புத்திமதி சொல்லித் தீர்த்துவிட்டாள். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்பும் போச்சு, மருத்துவமனையில் சொல்லி வைத்திருக்கும் வேலையும் போச்சு.

"வாய மூடிட்டுக் கேளுங்க, லொரெட்டா. அவ்வளவுதான் பரீட்சை," என்று சொல்லிவிட்டு ஹேன்லன் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நல்லவேளை, அன்றைக்குச் சுவருக்கு அப்பால் சத்தமில்லை. அடுத்த அறையில் இத்தாலிய வகுப்பு. இந்நேரத்துக்கு முப்பது பேர் சேர்ந்து வினைச்சொற்களைக் கோரஸாக ஒப்பித்து உயிரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். அதை நடத்துவது யாரென்று ஹேன்லனுக்கே தெரியாது. பகுதிநேர ஆசிரியர்கள் வந்து போவது அந்தக் கல்லூரியில் கார் நிறுத்துமிடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். கசங்கிய கோட்டு, கையில் மூடி போட்ட காபிக் குவளை. பள்ளி முடித்த பிள்ளைகளும் பேரன் எடுத்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற இடம் என்பதால், நரையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேஷத்தைச் சிரத்தையாகப் போட்டிருக்கிறாரே என்றுதான் லொரெட்டா நினைத்தாள்.

"கதவுல எழுதியிருந்துச்சு," என்றார் அவர். "யாரு வேணும்னாலும் வரலாமா?"

"தாராளமா வரலாம், உக்காருங்க. உங்கள எப்படிக் கூப்பிடட்டும்?"

"ரெனாட்டோ." குவளையை மேசையில் வைக்கும்போது கை நடுங்கியது. "இதுல இருக்கறது காபி இல்லீங்க."

லொரெட்டாவின் நாக்கு நுனியில் புத்திமதி வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க," என்றாள்.

"காலையில எழுந்ததுமே ஆரம்பிச்சிடறேன். பொண்டாட்டிக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாம நல்லாத்தான் மறைக்கிறேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

"இப்ப அப்படி நினைக்கலையா?"

"நான் வாத்தியாருங்க. இந்த வருஷம் என் வகுப்புல முன் வரிசையில ஒருத்தரும் உக்கார்றதில்ல." குவளை மூடியை இறுக்கினார். "மரியாதையான பசங்க, பாவம். காத்து வேணும்னு ஜன்னல் பக்கம் போறோம்னு சொல்றாங்க. வெளிய பனி கொட்டிட்டிருக்கு."

லொரெட்டாவுக்கு இது தேர்வு என்பதே ஒரு கணம் மறந்துபோயிற்று. அவர் கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொள்ளும்வரை அவள் எதுவும் பேசவில்லை. பேசத் தோன்றவும் இல்லை.

"இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"உங்ககிட்டதான் மொத மொத."

"சரி. இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும், உங்களால என்ன முடியும்னு நினைக்கிறீங்க?"

அவர் யோசித்தார். பிறகு குவளையை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும். இது இல்லாம போய் ஒரு பாடம் எடுத்துப் பாக்கறேன். சாயங்காலம் வீட்ல சொல்லிடறேன்."

மூலையில் ஹேன்லன் பேனாவை மூடினார். லொரெட்டாவைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அவள் உட்கார்ந்த இடத்திலேயே பெருமூச்சு விட்டாள்.

"நீங்களும் பிரமாதம்," என்று ஹேன்லன் அவரிடம் சொன்னார். "அந்தக் கை நடுக்கம் மட்டும் கொஞ்சம் அதிகம்."

அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கும் அப்படித்தாங்க தோணுது."

வாசலில் நின்று திரும்பினார். "அடுத்த வாரமும் வரலாமா?"

"கண்டிப்பா வாங்க," என்றாள் லொரெட்டா.

கதவு சாத்திக்கொண்டதும் ஹேன்லன் சிரித்துவிட்டார். "கடைசிவரைக்கும் வேஷத்தக் கலைக்கவே இல்ல பாருங்க! இந்த மாதிரி ஆளு நம்ம காலேஜ்ல இருக்காருன்னே எனக்குத் தெரியாது."

லொரெட்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பாஸ் பண்ணியாயிற்று. பேருந்து ஓட்டுகிற சகாக்கள் எல்லோருக்கும் டோனட் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

சுவருக்கு அப்பால் முப்பது குரல்கள் கோரஸாக ஒப்பிக்க ஆரம்பித்தன.

"இன்னிக்கு ஏனோ லேட்டு," என்றார் ஹேன்லன்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் இளைஞன் ஓடி வந்தான். மூக்கில் சிவப்புச் சாயம், கையில் காலி விஸ்கி பாட்டில், தோளெல்லாம் பனி.

"மன்னிச்சிடுங்க புரொபசர், கார் பனியில மாட்டிக்கிச்சு," என்று மூச்சு வாங்கினான். "நான்தான் குடிகாரன்."