நெட் இழுக்காத கடை

யோகராஜுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை.

அந்தமானில், டெலானிபூரில் அவன் நெட் சென்டருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததே ஆட் பிளாக்கர்தான். சாட்டிலைட்டில் தவழ்ந்து வருகிற நெட்டில் பாதியை விளம்பரங்கள் தின்றுவிடும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அவற்றுக்குத் தடை போட்டான். கடையில் கூட்டம் அள்ளியது.

வினை வீட்டிலேயே இருந்தது.

மனைவி விஜயகுமாரி, மின்னி பே பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்தபடியே கப்பல் நேரம் சொல்லும் இணையதளம் நடத்துகிறாள். தீவில் பாதிப் பேர் அதைப் பார்த்துத்தான் மூட்டை கட்டுவார்கள்; அதையும் பெரும்பாலும் இவன் கடையில் உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். அவளுக்கு விளம்பரம்தான் வருமானம்.

யார் கண்ணிலும் படாத விளம்பரத்தை எந்தக் கடைக்காரர் கொடுப்பார்? ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

இந்த மாதத்தோடு தளத்தை மூடிவிடப் போவதாக நேற்று சாப்பிடும்போது சொன்னாள். காரணம் தெரிந்தவன் சோற்றோடு சேர்த்து அதையும் மென்று விழுங்கினான்.

"நான் போட்ட விளம்பரத்தைப் பார்த்தீங்களா?" என்று மாதக்கணக்காக அவள் கேட்கும்போதெல்லாம், ஜோராக இருக்கிறது என்று புளுகி வைத்த பாவம் வேறு.

மனசு கேட்காமல் கடையில் அந்தத் தளத்தைத் திறந்தான். கப்பல் நேரத்தை மறைத்துக்கொண்டு புதிதாக ஒரு பெட்டி நின்றது.

'விளம்பரத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். நெட் இழுப்பது எனக்கும் தெரியும். ஆடுவது, பாடுவது எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சம் ஒரே ஒரு படம். அதற்காவது வழி விடுங்கள்.'

அவள் குரலிலேயே கேட்டது. கூசிப்போனான்.

அந்தத் தளத்துக்கு மட்டும் தடையை எடுத்தான்.

படம் மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது. வானம். தகரக் கூரை. பெயர்ப்பலகை. அதற்குக் கீழே, வாயெல்லாம் பல்லாக, அவனே.

சுனாமிக்குப் பிறகு மேட்டுக்கு வந்து இந்தக் கடையைத் திறந்த அன்று அவள் எடுத்த படம்.

'யோகராஜ் நெட் சென்டர், டெலானிபூர். இங்கே நெட் இழுக்காது.'

பிறகு எழுந்துபோய் மற்றக் கம்ப்யூட்டர்களிலும் அந்தத் தடையை ஒவ்வொன்றாக எடுத்தான்.

ஓரத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த பழனிசாமி திரையைத் தட்டினார். "அரே யோகராஜ் பாய், திரையில டைம் வர்றதுக்குள்ள கப்பலே போயிரும் போல!"

"போகட்டும்ணே. படம் முழுசா இறங்கட்டும்."