கதவை மூடாதீங்க

அந்த ஆளின் கை முழுக்க நகக்கீறல்கள். சில பழையவை, சில நேற்றுத்தான் பட்டது போலச் சிவந்திருந்தன. நிரப்பிய கேள்விப் படிவத்தை வாங்கும்போதே நர்ஸ் அதைப் பார்த்துவிட்டாள்.

"என்ன சார், கையெல்லாம் இப்படி?"

"தெரியல சிஸ்டர். எங்கயாவது பட்டிருக்கும்." சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். யார் காதில் பூச்சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் அவன் மகள் பள்ளிக்கூடத்தில் தினமும் தூங்கி விழுகிறாளாம். டீச்சர் சொல்லித்தான் கூட்டிவந்திருந்தான். முதலில் பெற்றவர்கள் கேள்விப் படிவத்தை நிரப்ப வேண்டும், பிறகு நர்ஸ் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும், அதற்கப்புறம்தான் டாக்டர். அந்த கிளினிக்கின் வழக்கம் அது.

படுக்க அடம்பிடிப்பாளா, பயந்து எழுந்திருப்பாளா, குறட்டை விடுவாளா, மூச்சு நின்று நின்று வருமா என்று எது கேட்டிருந்தாலும் 'இல்லை' என்றே எழுதியிருந்தான். ஒன்றுமே இல்லையென்றால் பிள்ளைக்கு ஏன் கண்ணைச் சுற்றிக் கருவளையம்?

"பாத்துத்தான் எழுதினீங்களா சார்?"

"படுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். இதெல்லாம் இவ அம்மாவுக்குத்தான் தெரியும். அவ அவங்கம்மாவுக்கு ஆபரேஷன்னு ஊருக்குப் போயிருக்கா."

"அப்ப வீட்ல நீங்களும் பாப்பாவும் மட்டுந்தானா?"

"ஆமா."

நர்ஸுக்குச் சுருக்கென்றது. அவனை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள்.

"கதவை மூடாதீங்கக்கா," என்றது குழந்தை. நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, பெஞ்சின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"ஏன்டா கண்ணு, அப்பா திட்டுவாரா?"

இல்லையென்று தலையாட்டினாள். ஆனாலும் பார்வை அங்கேயேதான் இருந்தது.

"ராத்திரி நல்லா தூங்குவியா?"

"அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட்னா தூங்குவேன். பக்கத்து வீட்டு அத்தை வீட்ல."

"அப்பா வீட்ல இருந்தா?"

"தூங்க மாட்டேன்."

"அம்மா இருந்தப்ப?"

"அப்பத் தூங்குவேன். அம்மா பாத்துக்குவாங்க."

நர்ஸ் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்பா கையில கீறல் இருக்கே, அது யாரு?"

குழந்தை தலையைக் குனிந்துகொண்டாள். "நான்தான்."

"அப்பாவுக்கு வலிக்காதா?"

"வலிக்கணும்னுதான் கிள்ளுவேன்."

இதற்கு மேல் என்ன வேண்டும்? குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தின் எண் மேஜை மேலேயே ஒட்டியிருந்தது. அழைத்தால் இந்தப் பிள்ளை இன்றைக்கு வீட்டுக்குப் போகாது. நினைத்தது தப்பாகிவிட்டால் ஒரு குடும்பம் சந்தி சிரித்துப்போகும். அழைக்காமல் விட்டு, நினைத்தது சரியாக இருந்தால்? தன் கையாலேயே பிள்ளையை அவனோடு அனுப்பிவைத்த பாவம் சும்மா விடுமா?

வெளியே குறட்டைச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், அந்த ஆள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். பெற்ற பிள்ளை இங்கே இப்படி உட்கார்ந்திருக்க, இவனுக்கு மட்டும் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்திலேயே போனை எடுத்து எண்ணை அழுத்தினாள்.

மணி அடித்தது. யாரோ எடுத்து, "சொல்லுங்க," என்றார்கள்.

அதே நேரம் வெளியே குறட்டை சட்டென்று நின்றது. குழந்தை நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்துக் கதவை நோக்கி ஓடினாள். அப்பன் விழித்துவிட்டான், அதுதான் பிள்ளை பதறுகிறது என்று நர்ஸுக்குத் தோன்றியது. எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதே கண்ணு, அக்கா இருக்கேன். உன்னை எங்கயும் விட மாட்டேன்."

குழந்தை கையை உதறினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"விடுங்கக்கா, அப்பாவுக்கு மூச்சு நின்னுடுச்சு. நான் கிள்ளினாதான் திரும்ப வரும்."