எடுத்துக் குடுங்க

"பின்னாடி ஒருத்தர் முனகிக்கிட்டே இருக்காரே, அவரை மட்டும் எடுத்துக் குடுக்கணும் தம்பி. முடியுமா?"

நர்ஸ் சீருடையோடு வந்திருந்த அந்த அம்மாள் பென்டிரைவை மேசைமேல் வைத்தார். வைத்த பிறகும் அதை விட மனமில்லாமல் விரலால் தொட்டுக்கொண்டே நின்றார்.

"இது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. நாளைக்கு என் பொண்ணுக்குப் பிறந்தநாள். அவளுக்கு இதைத்தான் குடுக்கப்போறேன்."

"உக்காருங்க சிஸ்டர். முதல்ல கேட்டுப் பார்ப்போம்."

ஆடியோ, வீடியோ கடைகள் நிறைந்த அந்தக் கட்டடத்தில் கடைக்காரனான அவனுக்குக் 'கறுப்புத்திரை' என்றே பெயர் விழுந்துவிட்டது. மற்றக் கடைகளில் கம்ப்யூட்டர் என்றால் கலர் கலராகப் பொத்தான்கள் மின்னும். இவனிடம் வெறும் கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. மவுஸ் ஒரு மூலையில் தூசி படிந்து கிடக்கும். பாட்டை வெட்டவும் ஒட்டவும், படத்திலிருந்து ஒலியை உருவவும் எல்லாவற்றுக்கும் ஒரு வரி தட்டுவான். வேலை முடிந்துவிடும்.

வீடியோவை ஓடவிட்டான். ஏதோ ஒரு வீட்டுக் கூடம். நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார். முதல் இழுப்பிலேயே இவனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"யாரு சிஸ்டர் இவரு?"

"அப்ப எங்க பக்கத்து வீட்ல இருந்தவரு. ஒருநாள் சும்மா வந்து வாசிச்சாரு."

"சும்மா வாசிச்சதே இப்படியா?"

அப்போதுதான் அந்த முனகல் வந்தது. மைக்குக்கு மிக அருகில் யாரோ 'ம்ம்... ம்ம்...' என்று குழலோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார். அந்த ஆளுக்கும் சுருதிக்கும் ஏழாம் பொருத்தம். குழல் மேலே போனால் இவர் கீழே போனார். குழல் நின்ற பிறகும் இவர் நிற்கவில்லை.

"இந்த ஆளுக்கு வாயை மூடவே தெரியாதா சிஸ்டர்?"

அந்த அம்மாள் சிரித்தார். "தெரியாது தம்பி. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு."

"கவலைய விடுங்க. எடுத்துடலாம்."

முதலில் படத்தையும் ஒலியையும் பிரித்தான். பிறகு நீளமாக ஒரு வரியைத் தட்டினான்.

"இவ்வளவுதானா? மனுஷக் குரல் எது, குழல் எதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சிஸ்டர், எனக்கும் இன்னும் பிடிபடல."

அவன் பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்தத் தொழிலிலேயே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. இருந்தும் இந்த வரிக்கு என்டர் தட்டும்போதெல்லாம் அவனுக்கு மூச்சு நின்றுதான் வரும். ஒரே காற்றில் கலந்து, ஒரே மைக்கில் நுழைந்த இரண்டு ஒலிகள். பாலில் விட்ட தண்ணீரை இனி யார் பிரிப்பது? ஆனால் இந்த ஒரு வரி உள்ளே போய், இரண்டையும் தனித்தனியே கைப்பிடித்துக் கூட்டி வந்துவிடும். தனியாக இருக்கும்போது அவன் திரையைப் பார்த்துக் கும்பிட்டதும் உண்டு.

வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறி நின்றன. இரண்டு ஃபைல்கள் வந்திருந்தன. ஒன்றுக்குக் 'குழல்' என்றும் மற்றதற்குக் 'குப்பை' என்றும் பெயர் வைத்தான். குழலைப் போட்டான்.

கடையே நிறைந்துவிட்டது. வாசிக்கிறவர் மூச்சை இழுப்பதுகூடத் துல்லியமாகக் கேட்டது. அவனுக்குக் கண் கலங்கியது. திரும்பிப் பார்த்தால், அந்த அம்மாள் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு வாசிப்பைக் கேட்டால் யாருக்குத்தான் பேச்சு வரும் என்று அவன் பெருமையாக நினைத்துக்கொண்டான்.

"அவர் எங்க தம்பி?" என்றார் மெதுவாக.

"போயிட்டாரு சிஸ்டர்."

"துளிகூட இல்லையா?"

"வலைபோட்டுத் தேடினாலும் கிடைக்க மாட்டாரு. இருங்க, இந்தக் குப்பையையும் தூக்கிப் போட்டுடுறேன்."

அழிப்பதற்கான கட்டளையைத் தட்டினான். விரல் என்டருக்குப் போனது. அந்த அம்மாள் எழுந்து வந்து அவன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எதைக் குப்பைன்னு சொல்றீங்க? அதைப் போடுங்க தம்பி."

ஒன்றும் புரியாமல் போட்டான். குழல் இல்லாமல் முனகல் மட்டும் வந்தது. கூச்சமே இல்லாமல், தப்புத் தப்பாக, அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் பாடிக்கொண்டிருந்தார். நடுவில் லேசாக ஓர் இருமல். மறுபடி 'ம்ம்... ம்ம்...'. அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். சுருதி விலகுகிற இடத்திலெல்லாம் அவர் சிரித்தார், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. அவன் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

"யாரு சிஸ்டர் இவரு?"

"கேமராவைப் பிடிச்சிருந்தவரு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "எங்க வீட்டு வீடியோ எல்லாத்தையும் எடுத்தது அவர்தான். அதனால ஒண்ணுலயும் அவர் இல்ல. இதுல மட்டும்தான் குரலாவது விழுந்திருக்கு. பொண்ணு பிறக்குறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு, அப்பா குரல் எப்படி இருக்கும்னு அவ கேட்டுக்கிட்டே இருக்கா. நான் எடுத்துக் குடுக்கச் சொன்னது இவரைத்தான் தம்பி. புல்லாங்குழலை நீங்களே வெச்சுக்குங்க."