கொள்ளுத்தாத்தாவின் படம்

"கசங்கின சட்டையோட கொள்ளுத்தாத்தா முன்னாடி போய் நிக்காதே" என்று மியூசியம் வாசலிலேயே மகனின் காலரை நீவிவிட்டார் மாமியார். பேத்திக்குத் தலை வாரி முடித்து, தானும் கொஞ்சம் பவுடர் பூசிக்கொண்டார்.

தலைநகரத்துக்கு வந்ததே இதற்காகத்தான். காலையிலிருந்து மூன்று தலைவர்களின் நினைவிடங்களைப் பார்த்தாயிற்று. எதிலும் மாமியாருக்குக் கால் நிற்கவில்லை. "இவங்களும் பெரியவங்கதான்" என்று போனால் போகிறதென்று ஒத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

மருமகளுக்கோ கல்யாணமாகிப் பத்து வருஷமாக, குழம்பில் உப்பு குறைந்தாலும் சரி, பால் பொங்கி வழிந்தாலும் சரி, வீட்டில் ஒரே கேள்விதான். "எங்க வீட்டுக் கொள்ளுத்தாத்தா படம் தலைநகரத்து மியூசியத்துல தொங்குது. உங்க வீட்டுல யார் படம் தொங்குது?"

போன வாரம் பொறுமை போய், "அந்தப் பெருமையைக் கண்ணால பார்த்துட்டா நான் ஆயுசுக்கும் வாயைத் திறக்கல. இல்லேன்னா நீங்க இந்தக் கேள்வியை விட்டுடணும்" என்று சொல்லிவிட்டாள். இப்போது நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போலீஸ் மியூசியம்னு போட்டிருக்கே அத்தை?"

"பின்னே? அந்தக் காலத்துல போலீஸ் அவரைத் தேடி வீட்டுக்கே வருமாம். உங்க கொள்ளுத்தாத்தாவும்தான் கூடவே திரிஞ்சார், ஒரே தட்டுல சாப்பிட்ட சிநேகம். அந்தப் பழக்கத்துலதானே உன்னைப் பொண்ணு கேட்டு வந்தோம். ஆனா படம் யாருக்கு மாட்டினாங்க, பாரு."

இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கணவன், டிக்கெட்டை மடித்து மடித்துப் பட்டாணி அளவுக்குக் கொண்டுவந்திருந்தான்.

மூன்றாவது ஹாலில் படம் நிஜமாகவே இருந்தது. அதே பேர், அதே ஊர், குடும்பத்துக்கே உரிய அதே மூக்கு. மருமகளுக்கு முகம் விழுந்துவிட்டது. மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கீழே எழுதியிருக்கிறதைச் சத்தமா படி கண்ணு. எல்லாரும் கேக்கட்டும்."

பேத்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதைப் போலவே படித்தாள். "பூட்டு உடைப்பதில் கைகாரர். பதினான்கு திருட்டு வழக்குகளில் தேடப்பட்டவர். ஜவுளிக்கடையில் திருடப் போன இடத்தில், துணி மூட்டை மேல் தூங்கிவிட்டதால் பிடிபட்டார்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கணவன், நீவிவிட்ட காலருக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டான்.

மருமகள் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. பத்து வருஷத்துச் சிரிப்பும் மொத்தமாக வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அம்மா, இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"படி கண்ணு, ஒரு எழுத்து விடாம படி" என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"வெளியே காவலுக்கு நின்ற கூட்டாளியும் தூங்கிவிட்டார். அவரது படம் வலப்பக்கம் உள்ளது."

மாமியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வலப்பக்கம் ஓர் அடி நகர்ந்தார். பேரையும் ஊரையும் எழுத்துக்கூட்டி நிதானமாகப் படித்தார். திரும்பியபோது முகத்தில் பழைய களை வந்திருந்தது.

"இனிமே அந்தக் கேள்வியைக் கேக்கவே மாட்டேம்மா. உங்க வீட்டுப் படமும் இங்கதான் தொங்குது."