மேல்வீட்டுச் சத்தம்

மூன்றாவது ஹெட்ஃபோனையும் கழற்றி மேசைமேல் வைத்தார் மாஸ்டர்.

“இதுலயும் கேக்குதும்மா.”

விற்பனைப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. கடையிலேயே உசத்தியானது அது. பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்து, விமான இரைச்சலை ஓடவிட்டுத்தான் மாட்டிவிட்டிருந்தாள்.

மாட்டியதும் விமானம் அடங்கியது. ஏசி அடங்கியது. வாசலில் போகிற வண்டிகளெல்லாம் அடங்கின. அவள் பேசுவது மட்டும் நாலடி தள்ளி நின்று பேசுவதுபோலக் கேட்டது.

அத்தனையும் அடங்கின பிறகும் அந்த ஒரு சத்தம் அப்படியே இருந்தது. ‘ங்ஙொய்’யென்று, மெல்லிசாக, விடாமல்.

அதற்குப் பயந்துதான் அவர் ஹெட்ஃபோன் வாங்கவே வந்தார்.

அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் மெஷின் ஓட்டியவர்; ‘மாஸ்டர்’ என்ற பேரும் அங்கே வந்ததுதான். வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த நாளிலிருந்து, மேல்வீட்டில் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கே இருப்பது ஒரு தையல்காரம்மா. தனியாள்.

மாஸ்டர் படியேறிப் போய்ப் புகார் சொல்லாத வாரமில்லை. ஒருநாள் மாடிப்படியில் நாலு பேர் முன்னால் வாய்க்கு வந்தபடி பேசியும் விட்டார். அந்தம்மா ஒருதடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. “சரிண்ணே, பாக்கறேன்” என்று உள்ளே போய்விடுவார். அதுதான் மாஸ்டருக்கு இன்னும் எரிச்சல்.

விற்பனைப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெரிய ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டுகிற உள்ளறைக்கு அவரைக் கூட்டிப்போனாள். சுவரெல்லாம் மெத்தை அடித்த அறை. கதவைச் சாத்தினாள். ஏசியை நிறுத்தினாள். அவர் மூச்சு விடுவது அவருக்கே கேட்டது.

“இப்ப சார்?”

தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். பிறகு மறுபக்கம்.

கேட்டது. வீட்டில் கேட்பதைவிடத் தெளிவாக.

“இங்க எதுவுமே ஓடல சார்.” அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். “எங்கப்பாவுக்கும் இப்படித்தான். காதுக்குள்ளயே கேக்கும். டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டிருங்களேன்.”



மாஸ்டர் எதுவும் வாங்காமல் வெளியே வந்தார். உச்சிவெயில். பஸ் ஏறவும் தோன்றாமல் நடந்தே வந்தார். அந்தம்மாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை.

தன் வீட்டு வாசலில் நிற்காமல் நேராக மாடியேறிக் கதவைத் தட்டினார்.

தையல்காரம்மா திறந்தார். முகமெல்லாம் வேர்வை. கையில் இருந்த அட்டையால் விசிறிக்கொண்டே நின்றார். பின்னால், தலைக்கு மேலே ஃபேன் அசையாமல் இருந்தது. ஒயரைப் பிடுங்கிப் போட்டிருந்த ஃபிரிட்ஜின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே தட்டுக்குத் தட்டு, தைத்து முடித்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அந்தம்மா முந்திக்கொண்டார்.

“இன்னுமா கேக்குதுண்ணே? தையல் மெஷின் மோட்டாரைக்கூட நேத்து கழட்டிட்டேனே. இப்ப கால்லதான் மிதிக்கிறேன்.”