யாரோ கட்டின புடவை

இணையத்தில் புடவை விற்கும் சிவநேசனிடம் மிருதுளா என்பவள் அடிக்கடி வாங்குவாள்; ஒருநாள் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவாள். தாழம்பூ மணக்க வந்து சேரும் அந்தப் புடவைகளை அவன் முகத்தோடு ஒட்டிப் பிடித்து, அவசரமில்லாமல் மடிப்பான். “கட்டினதையெல்லாம் எதுக்குங்க திருப்பி வாங்கிக்கறீங்க?” என்று மனைவி தமயந்தி கேட்டால், “சட்டப்படி வாங்கித்தான் ஆகணும்” என்பான். அவளுக்கு வயிறு எரியும். கடைசியில் தங்கை பெயரில் அவளே அவனிடம் ஒரு புடவை வாங்கி, தங்கை வீட்டில் பகல் முழுக்கக் கட்டியிருந்து, தன் பவுடர் வாசனையோடு திருப்பி அனுப்பினாள். பார்சல் வந்ததும் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். சிவநேசன் பிரித்தான், முகர்ந்தான், முகத்தைச் சுளித்தான். “யாரோ கட்டின புடவை. சட்டப்படி இதை நாம வாங்கிக்க வேண்டியதில்ல” என்று சொல்லிவிட்டு, பார்சலை மறுபடி ஒட்ட டேப்புக்காக அவளிடம் கையை நீட்டினான்.